ஊதிட்டுப் போங்க

நாங்கள் மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே அம்மாவுக்குக் கீழ்வீட்டுக்காரர்களைப் பிடிக்காமல் போய்விட்டது. பட்டப்பகலில், தெருவாசல் கதவு ஆவென்று திறந்திருக்க, கீழ்வீட்டு ஆள் தன் பெண்டாட்டிக்கு முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார் என்று அம்மா சத்தியம் பண்ணினாள்.

"நாப்பத்தஞ்சு வயசு இருக்கும் ரெண்டு பேருக்கும். பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சாம். ஒரு கூச்சநாச்சம் வேணாம்?"

எனக்கு அப்போது கல்யாண வயது. இப்படிப்பட்ட செய்தியைச் சரிபார்க்காமல் விடுவேனா? மறுநாள் பால்கனியில் துணி உலர்த்துகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். அவர் சீருடை போட்டு, தோளில் பையோடு வாசற்படியில் நின்றார். அவர் பெண்டாட்டி, பின்னால் நான் அக்கா என்று கூப்பிடப் பழகியவள், ஒரு படி மேலே நின்றாள். அவர் குனிந்து முகத்தை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஊதுங்க" என்றாள். அவர் வாயைத் திறந்து "ஹா" என்று ஊதினார். அக்கா அந்தக் காற்றை மூக்கால் இழுத்து, கொஞ்சம் யோசித்து, "சரி, போய்ட்டு வாங்க" என்றாள். முத்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அவர் மின்சார ரயில் ஓட்டுகிறவர். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு நாளைக்குப் பல தடவை போய்வருகிற பச்சை மஞ்சள் வண்டி. பீச் ஸ்டேஷனில் டூட்டி ஆபீஸ். அங்கே கையெழுத்துப் போடும்போது ஒரு சின்ன மிஷினில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். வண்டி ஓட்ட விடமாட்டார்கள். அதோடு சார்ஜ் ஷீட், விசாரணை, கடைசியில் வேலையே போய்விடும். ஆனால் அந்த ஆபீஸ் படியை மிதிக்கும் முன்பே 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டால் அது வெறும் லீவு. இந்த வித்தியாசத்தில்தான் அக்காவின் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வேக்காரர்களின் மிஷினுக்கு முன்னால் அக்காவின் மூக்கு.

அவர் தினமும் குடிக்கிறவர் இல்லை. குடித்தாலும் தள்ளாட மாட்டார், பேச்சுக் குழறாது. வாசனை மட்டும்தான். அக்காவும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வாள். 'குடி' என்ற வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இன்னிக்கு வாசனை" என்பாள், ஏதோ மல்லிகைப்பூவைப் பற்றிச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொள்வாள்.

"ராத்திரி சாப்ட்டதும்மா. இப்ப ஒண்ணும் கெடையாது. நல்லா மோந்து பாரு."

"உள்ள போங்க. தெருவுல நின்னுக்கினு பேசாதீங்க."

அவர் மறுபேச்சு இல்லாமல் உள்ளே போய் லுங்கிக்கு மாறிவிடுவார். அக்கா ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவாள். வெள்ளிக்கிழமை என்றில்லை, எந்தக் கிழமையும். புகை மாடிக்கு வரும்போதே அம்மா போனை ஸ்டூலில் எடுத்து வைத்துவிடுவாள். அப்பாவின் வேலையால் எங்கள் வீட்டில் போன் இருந்தது. தெருமுனையில் எஸ்டிடி பூத் இருந்தாலும், வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும் என்று அக்கா அங்கே போகமாட்டாள். எங்கள் காதில் விழுவது ஒன்றே அவளுக்குப் பெரிய வேதனை. படியேறி வந்து, கதவுப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு டயல் பண்ணுவாள்.

லைன் எப்போதும் கரகரவென்றுதான் இருக்கும், கத்தித்தான் பேச வேண்டும். மானத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யைத் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது அவளுடைய தலையெழுத்து. "அவருக்கு வயித்தால போகுதுங்க! ஆமாங்க, விடியகாலத்துல இருந்து! நிக்கவே இல்லீங்க!"

அப்பா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவார். நான் சமையல்கட்டுக்கு ஓடிவிடுவேன். அக்காவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. போனை வைத்துவிட்டு முந்தானையால் ரிசீவரைத் துடைப்பாள். ஏன் துடைப்பாள் என்று நான் யோசித்ததுண்டு. பொய் சொன்ன இடத்தைச் சுத்தம் பண்ணிவிட்டுப் போகிறாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரே வியாதியை அடுத்தடுத்துச் சொல்லமாட்டாள். வயிற்றுப்போக்கு, முதுகுப் பிடிப்பு, மெட்ராஸ் ஐ என்று மாற்றிமாற்றி வருவாள். அதிலே ஒரு நேர்மையும் வைத்திருந்தாள். என்ன வியாதி என்று போனில் சொன்னாளோ அதற்குரிய வைத்தியம் வீட்டில் நடந்தாக வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் அவருக்கு அன்று முழுவதும் உப்புப் போட்ட கஞ்சிதான். முதுகுப் பிடிப்பு என்றால் தைலம் தேய்த்துக் குப்புறப் படுக்கவைத்துவிடுவாள். ஒரு தடவை கொஞ்சம் நீளமாக லீவு தேவைப்பட்டு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டாள். பாவம் அந்த மனுஷன், கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்துக்கொண்டு, எண்ணெய் காட்டாத சோற்றைத் தின்றுகொண்டு கிடந்தார். பால்கனியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, உங்க வீட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டபோது அவர் குரலே மாறியிருந்தது.

"ஏங்க்கா இப்படி? யாரு வந்து பாக்கப்போறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் பாக்கமாட்டாங்க. ஆனா சொன்னது நான்தான? கொஞ்சமாவது நெசமா இருக்க வேணாமா?"

அவளோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அம்மை கதை அதைவிடப் பிரமாதம். அம்மை போட்டிருக்கிறது என்று சொன்ன கையோடு வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். அவர் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தார். எல்லாம் தெரிந்த என் அம்மா, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லாமல், இளநீர் வாங்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கடைசியில் முறைப்படி மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றித்தான் அவரை டூட்டிக்கு அனுப்பினாள் அக்கா. அம்மையை மறுபடி சொல்ல முடியாதே என்ற கவலை அவளுக்கு ரொம்ப நாள் இருந்தது.

சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். அப்போது சிரித்ததும் உண்மைதான். ஆனால் ஒரு நாள் சிரிப்பு நின்றது. வழக்கம்போல அக்கா முதுகுப் பிடிப்பு என்று கத்திவிட்டு மறுமுனை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகம் கருத்துவிட்டது. "சரிங்க" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டு, அன்று ரிசீவரைத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"அங்க இருக்கறவரு நல்லவரும்மா. 'நீங்க வீட்லயே பாத்து நிறுத்திக்குங்க தங்கச்சி, இங்க வந்து ஊதிட்டா எங்க கையில ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றாரு." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்ப அவங்களுக்கு எல்லாமே தெரியும். மொதல்லேர்ந்து தெரியும்."

தெரியாமல் இருக்கும் என்று அவள் நினைத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தெருவுக்கே தெரியும். ரங்கநாதன் தெருப் பக்கம் பூ விற்கிற அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அக்கா தன் முந்தானை மறைக்கிற அளவுக்குத்தான் உலகம் என்று இருந்தவள். ஒயின் ஷாப் இருக்கிற வழியாக மார்க்கெட்டுக்குப் போகமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவரை அழைத்துப் போகமாட்டாள். தனியாக வந்து, மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் கிளம்பிவிடுவாள். "அவருக்கு டூட்டி" என்பாள். ஒருவருடைய வாய்க்கு இன்னொருவர் வெட்கப்பட்டுக்கொண்டே வாழ முடியும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

இன்னொரு நாள் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு எக்மோர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் மின்சார ரயில்தான். அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது, என்னோடு காலையில் வந்தாள். மோட்டார்மேன் பெண்டாட்டி, ஆனால் ஆபீஸ் நேரத்து ரயிலில் ஏறியதே இல்லையாம். மாம்பலம் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றபோது, வாசலில் கொத்துக்கொத்தாகத் தொங்கிய ஆட்களைப் பார்த்து ஓரடி பின்னால் போய்விட்டாள். லேடீஸ் பெட்டியில் நெருக்கியடித்து ஏறினோம். கீரைக்கூடைக்காரி ஒருத்தியும் காலேஜ் பெண்களும் அவளை இரண்டு பக்கமும் நசுக்கினார்கள். மடியில் பிள்ளையோடு கீழே உட்கார்ந்திருந்த பெண்ணை மிதித்துவிடாமல் அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்.

"எல்லா வண்டியிலயும் இப்டித்தான் இருப்பாங்களா?"

"இதுகூடப் பரவால்லக்கா. திங்கக்கிழமை பாக்கணும்."

எக்மோரில் இறங்கினதும் வண்டி போகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து வாசற்படிச் சோதனை கடுமையாகிவிட்டது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஊதச் சொன்னாள். அவர் ஏலக்காய் மென்றுகொண்டு வந்தால் வாயைக் கொப்பளிக்க வைத்து மறுபடி ஊதச் சொன்னாள். முன்பெல்லாம் அவருடைய வேலைக்காக மோந்து பார்த்தவள், இப்போது வேறு எதற்காகவோ மோந்து பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது.

இப்படி இருந்தவள் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அனுப்பிவிட்டாள்.

அது என்னைப் பெண் பார்க்க வந்த நாள். குரோம்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அவருடைய அக்கா, அந்த அக்காவின் சின்னக் குழந்தை எல்லாரும் வந்திருந்தார்கள். ராகு காலத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று மத்தியானமே வந்துவிட்டார்கள். நான் புடவையில் வேர்த்து வழிந்துகொண்டு காப்பித் தட்டோடு ஹாலுக்கு வந்தேன். அப்போது கீழேயிருந்து சாம்பிராணிப் புகை வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மூச்சை நன்றாக இழுத்தாள். "கீழ் வீட்ல பூஜை பண்றாங்களா? ஞாயித்துக்கிழமைகூட விடாம சாம்பிராணி போடறாங்களே. நல்ல இடம்தான்."

"ஆமாமா, ரொம்ப பக்தி" என்றாள் என் அம்மா. அவள் கண் ஸ்டூலின் மேல் இருந்த போனுக்குப் போனது. போன் மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. என் கண்ணும் அங்கேதான் போனது. இப்போது அக்கா வருவாள். இத்தனை பேர் நடுவில் வயிற்றுப்போக்கைக் கத்திச் சொல்வாள். 'பிள்ளையாரே, இன்னிக்கு மட்டும் வராம இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டேன்.

அக்கா வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே கேட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார் போல என்று நினைத்து நிம்மதியாக மூச்சு விட்டேன். எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பீச்சில் அவர் ஊதினார். மிஷின் காட்டிவிட்டது. சாட்சி வைத்து இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள், அதிலும் காட்டியது. டாக்டரிடம் கூட்டிப் போய் ரத்தம் எடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பையை அங்கேயே மறந்துவிட்டிருந்தார். சஸ்பென்ஷன், விசாரணை என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். பென்ஷனும் கிடையாது. விசாரணையில், "குடிச்சியா?" என்று கேட்டதற்கு அவர் "ஆமா சார்" என்று சொல்லிவிட்டாராம். யூனியன்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

துக்கம் விசாரிக்கிற மாதிரித் தெருவே போய் அக்காவைக் கேட்டது. "உன் மூக்கையே ஏமாத்திட்டாரா?" அவள் எல்லாரிடமும் ஒரே பதில் சொன்னாள். "எனக்கு ஜலதோஷம்ங்க அன்னிக்கு. மூக்கு அடைச்சிக்கினு இருந்துச்சு. ஒண்ணும் தெரியல." சொன்னபடியே ஒரு வாரம் கஷாயம் வைத்துக் குடித்தாள். நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டாள்.

மூக்கு அடைத்திருந்தால் சாம்பிராணி எதற்கு? அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி.

அந்த மாப்பிள்ளையையே நான் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பெண் பார்த்த கதையை யாரிடம் சொன்னாலும் ரயிலில்தான் முடிப்பார். "திரும்பிப் போறதுக்கு மாம்பலத்துல நின்னோம் பாருங்க, வண்டி வரவே இல்ல. டிரைவர் யாரோ வரலியாம். ஒரு வண்டியவே நிறுத்திட்டாங்க. எங்கக்கா குழந்தை பிளாட்பாரத்துலயே தூங்கிடுச்சு. சகுனம் சரியில்லன்னு எங்கம்மா வேணாம்னுட்டா என்ன பண்றதுன்னு எனக்குப் பயம்." எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொள்வேன். எந்த வண்டி, எந்த டிரைவர் என்று இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அக்காவும் அவரும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஆதம்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை அவளைத் தேடிப் போனேன். ஒற்றை அறை வீடு. அவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தார். அந்த அதிர்ச்சியில் அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவர் விடவில்லை.

"இப்பவும் ஊதச் சொல்றீங்களாக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதுக்கு? கேட்டைத் தொறந்து மூடறதுக்கு வாசனை இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?" ஸ்டவ்வில் பாலை வைத்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "எனக்கு ஜலதோஷம்னு சொன்னேன்ல, நீ நம்புனியா?"

நான் ஸ்டவ்வில் இருந்த பாலைப் பார்த்தேன்.

"நீ நம்பல. உங்க அம்மாவும் நம்பல. போன் பண்ணத்தான் வந்தேன் அன்னிக்கு. பாதிப் படி ஏறிட்டேன். அண்ணாந்து பாத்தா உங்க வாசல் பூரா செருப்பு. புது ஷூ ஒண்ணு பளபளன்னு. பக்கத்துல ஒரு சின்னப் புள்ள செருப்பு. இத்தினி பேரு முன்னாடி நான் போயி இன்னான்னு சொல்லுவேன்? காலு வரலம்மா. எறங்கி வந்துட்டேன். 'போய்ட்டு வாங்க'ன்னு சொல்லிட்டேன்."

"மிஷின் இருக்குன்னுதானக்கா அனுப்புனீங்க? அது புடிச்சிடும்னு தெரியும்ல?"

"அப்டித்தான் மனசுக்குச் சொல்லிக்கினேன். ஆனா அவரு கேட்டைத் தாண்டுன ஒடனே சாமி படத்துக்கு முன்னாடி நின்னு இன்னா வேண்டிக்கினேன் தெரியுமா? மிஷின் காட்டாம போயிடணும், அவரு எப்டியாவது வண்டியில ஏறிடணும்னு. அந்த ரயில்ல எத்தினி பேரு போவாங்கன்னு கண்ணால பாத்தவ நான். பாத்துட்டும் அப்டித்தான் வேண்டிக்கினேன்."

பால் பொங்கியது. அவள் கையால் துழாவி அணைத்தாள். அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது துக்கமும் இல்லை. பிடிபட்டவரின் முகம் அது, விசாரணையில் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டவருடைய முகம்போல. ஆனால் அவளை யாரும் விசாரிக்கவே இல்லை. அவளுக்கு மெமோ கொடுக்க ஆபீஸ் கிடையாது, அவளை வேலையிலிருந்து எடுக்கவும் ஆள் கிடையாது.

"ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தவங்க எதுல திரும்பிப் போனாங்க?"

என் வீட்டுக்காரர் சொல்லும் கதை, பிளாட்பாரத்தில் தூங்கிய குழந்தை, எல்லாம் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, "டாக்ஸிலதான்க்கா. அவங்க டாக்ஸி வெச்சுக்கினுதான் வந்தாங்க" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. காப்பியை ஆற்றி டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"சரி. அவங்க டாக்ஸில போனாங்க" என்றாள். "மத்தவங்க?"

டம்ளர் சுட்டது. கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே குடித்தேன்.